இனிமேல் கூப்பிட வேண்டியிருக்காது

சம்பளப் பட்டியலில் அவருக்கு ஒரு நல்ல பெயர் இருந்தது. அதை வைத்து அவரை யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. எல்லோருக்கும் அவர் ‘ஸ்வெட்டர்’தான். வெயில் மண்டையைப் பிளக்கிற ஊரில், வருஷம் முழுக்கச் சாம்பல் நிற ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு திரியும் மனிதரை வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? காரணம் இருந்தது. எங்கள் சரக்குப் போக்குவரத்து நிறுவனத்தில் மனிதர்களுக்கு மின்விசிறி, கம்ப்யூட்டருக்கு மட்டும் ஏசி. கீழ்த்தளத்தில் ஜன்னல் இல்லாத அறையில் அந்தப் பெரிய மிஷினோடு நாள் முழுக்க அவர் உட்கார்ந்திருந்தார். மிஷினுக்கு வேர்க்கக் கூடாது, அவருக்குச் சளி பிடித்தால் பரவாயில்லை என்று முதலாளி நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

நான் அங்கே டெலிபோன் ஆபரேட்டர். வாசலை ஒட்டிய கண்ணாடித் தடுப்புக்குள் என் இடம். அப்போதெல்லாம் ஒரு பிரிவிலிருந்து இன்னொரு பிரிவுக்குப் பேசுவதென்றாலும் என் கைவழியாகத்தான் போக வேண்டும். ஒட்டுக் கேட்பேன் என்று என்னைப் பற்றிச் சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். யார் யாரை எத்தனை தடவை கூப்பிடுகிறார்கள் என்று தெரிந்தாலே போதும், பேச்சைக் கேட்க வேண்டிய அவசியம் இல்லை.

இன்றைக்குக் கம்ப்யூட்டர்காரன் என்றால் பெண்கள் திரும்பிப் பார்க்கிறார்கள். அன்றைக்கு அப்படி இல்லை. எங்கள் அலுவலகத்தில் பெண்கள் திரும்பிப் பார்த்தது விற்பனைப் பிரிவு ஆட்களை. மோட்டார் சைக்கிள், முழங்கை வரை மடித்துவிட்ட சட்டை, வாயைத் திறந்தால் சிரிக்க வைக்கும் பேச்சு. ஸ்வெட்டருக்கு இதில் ஒன்றுகூட கிடையாது. சோடாபுட்டிக் கண்ணாடி. ஒரு பெண் எதிரே வந்தால் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டு வழிவிடுவார். சாப்பாட்டு அறையில் தனியாக உட்கார்ந்து, மிஷினோடு வந்த தடிப்புத்தகத்தை ஒரு கையில் பிடித்தபடி மறுகையால் சாப்பிடுவார். பெண்கள் பக்கத்து மேசையில் உட்கார்ந்து, “பாருடி, பொண்டாட்டிகூட சாப்பிடறாரு” என்று அந்தப் புத்தகத்தைக் காட்டிச் சிரிப்பார்கள். அவர் காதில் விழும்படிதான் சிரிப்பார்கள்.

அவருடைய உடன்பிறந்த அக்காவுக்குத் தம்பியைப் பற்றி ஓயாத கவலை. எங்கெங்கோ பெண் கேட்டுப் பார்த்தார். என்ன வேலை என்று கேட்பார்களாம். கம்ப்யூட்டர் என்றால், “டிவி ரிப்பேர் மாதிரியா?” என்பார்களாம். ஒரு வீட்டில் பெண்ணோடு தனியாகப் பேசச் சொல்லி விட்டிருக்கிறார்கள். நம் ஆள் அந்தப் பெண்ணின் கைக்கடிகாரம் ஏழு நிமிஷம் தாமதமாக ஓடுகிறது என்பதைக் கண்டுபிடித்து, அதைக் கழற்றி வாங்கிச் சரிசெய்து கொடுத்துவிட்டு, வேறு ஒன்றும் பேசாமல் வெளியே வந்துவிட்டார். அந்தக் கதையை அக்காவே என்னிடம் சொல்லிவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

இதெல்லாம் போதாதென்று விற்பனைப் பிரிவுத் தடியன்கள் ஒரு வேலை செய்தார்கள். ஒரு பெண்ணை விட்டு வெளியிலிருந்து அவருக்குப் போன் பண்ண வைத்தார்கள். ‘உங்களைத் தினமும் பஸ்ஸில் பார்க்கிறேன், எனக்கு உங்களைப் பிடித்திருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை தியேட்டர் வாசலில் நில்லுங்கள்.’ வெளி அழைப்பு, யாரோ என்று நினைத்து நானும் இணைத்தேன். அவர் புதுச் சட்டை போட்டுக்கொண்டு, ஸ்வெட்டர் இல்லாமல், படம் தொடங்கி முடியும் வரைக்கும் நின்றிருக்கிறார். எதிர்க்கடையில் உட்கார்ந்து அத்தனை பேரும் டீ குடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்திருக்கிறார்கள். திங்கட்கிழமை காலையில் அலுவலகம் முழுக்க இதே பேச்சு. அவர் என் தடுப்பைத் தாண்டிப் போகும்போது தலை நிமிரவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் விற்பனைப் பிரிவின் அழைப்புகளையெல்லாம் அன்று முழுக்கத் தவறான ஆட்களுக்கே இணைத்துக்கொண்டிருந்தேன்.

இதற்குப் பிறகுதான் கணக்குப் பிரிவில் ஒரு பெண் சேர்ந்தாள். நான் அவளுக்கு வைத்த பெயர் வாயாடி. படி ஏறும்போதே யாரிடமாவது பேசிக்கொண்டுதான் ஏறுவாள். அவள் மேசையில் ஒரு கம்ப்யூட்டர் வைத்தார்கள். அதிலிருந்து ஒரு வயர் சுவரோரம் இறங்கி, கீழே ஸ்வெட்டரின் அறைக்குப் போகும். அந்த வயர் கழன்றால் திரை அப்படியே உறைந்துவிடும்.

முதல் தடவை அது நிஜமாகவே கழன்றது. பெருக்குகிற அம்மாவின் துடைப்பம் பட்டிருக்கலாம். வாயாடி என்னைக் கூப்பிட்டாள், நான் அவரை இணைத்தேன், அவர் மாடி ஏறிப் போனார். மேசைக்கு அடியில் குனிந்து வயரைச் செருகினார். மிஷின் மறுபடி உயிர்பெறக் கொஞ்ச நேரம் பிடிக்குமாம். அந்த நேரத்தில் வாயாடி சும்மா இருப்பாளா? இது எப்படி வேலை செய்கிறது என்று கேட்டிருக்கிறாள். யாருமே அவரிடம் கேட்காத கேள்வி. அவர் சொல்லியிருக்கிறார். வாயில்லாப்பூச்சி என்று நாங்கள் நினைத்த மனிதர், அவள் சிரிக்கும்படி சொல்லியிருக்கிறார்.

அடுத்த வாரம் வயர் மறுபடியும் கழன்றது. அதற்கடுத்து வாரத்துக்கு இரண்டு தடவை. எனக்குப் புரிய எவ்வளவு நேரம் ஆகும்? வாயாடி என் தடுப்புக்கு வந்தபோது நேராகவே கேட்டேன்.

“ஏன்டி, அந்த வயரை நீதானே பிடுங்கி விடற?”

அவள் முகம் சிவந்துபோனது. “அக்கா, சத்தமா பேசாதீங்க. அவர்கிட்ட பேசிட்டு இருந்தா நல்லா இருக்கு. மத்தவங்க எல்லாம் நான் பேசும்போது என்னைப் பாப்பாங்க. இவர் நான் சொல்றதைக் கேக்கறாருக்கா.”

“அப்ப வாயத் திறந்து சொல்லித் தொலையேன். உனக்கா பேச்சு வராது?”

“நான் சொன்னா பயந்து ஓடிருவாரு. அவரே புரிஞ்சுக்கட்டும்னு பாக்கறேன்.” பிறகு, “எங்க செக்‌ஷன்ல தெரிஞ்சா என்னை உயிரோட விடமாட்டாங்க. போயும் போயும் ஸ்வெட்டரான்னு கேப்பாங்க” என்றாள்.

அதுவும் உண்மைதான். ஒருநாள் சாப்பாட்டு அறையில் ஒருத்தி, “உனக்கென்ன ஸ்வெட்டர் மேல இவ்வளவு அக்கறை?” என்று கேட்டபோது, இவளும் மற்றவர்களோடு சேர்ந்து சிரித்தாள். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். அன்று மத்தியானமே வயரைப் பிடுங்கிவிட்டு எனக்குப் போன் பண்ணினாள்.

அவருக்கு அவள் மேல் ஆசை இருந்ததா என்று கேட்டால், கண் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்கும். மற்ற பிரிவுகள் கூப்பிட்டால் மறுநாள்தான் போவார். கணக்குப் பிரிவு என்றால் நான் போனை வைப்பதற்குள் படியில் இருப்பார். என் தடுப்புக்கு முன்னால் நின்று கண்ணாடியில் தலையைச் சீவிக்கொண்டு, ஸ்வெட்டரைக் கழற்றி என்னிடம் கொடுத்துவிட்டு மாடி ஏறுவார். திரும்பி வரும்போது முகத்தில் ஒரு வெளிச்சம் இருக்கும். அப்படி ஒரு நாளில்தான் நான் விஷயத்தைப் போட்டு உடைத்தேன்.

“தம்பி, வயர் தானா கழலாது. அந்தப் பொண்ணு கழட்டுது. உங்களை வரவைக்கத்தான் கழட்டுது.”

அவர் முகத்தில் இருந்த வெளிச்சம் பட்டென்று அணைந்தது. “நீங்களுமாக்கா?” என்றார். “மத்தவங்கதான் என்னை வச்சு காமெடி பண்றாங்க. நீங்க பண்ணமாட்டீங்கன்னு நெனச்சேன்.”

“நான் ஏன்யா காமெடி பண்ணப்போறேன்? சத்தியமா சொல்றேன்.”

“எலிக்கா அது. மேசைக்குப் பின்னாடி ஓட்டை இருக்கு. நான் பாத்துட்டேன்.”

மறுநாள் கணக்குப் பிரிவில் எலிப்பொறி வைத்தார். நான் சொல்வது நிஜம். பெண் ஒருத்தி ஆசையோடு கூப்பிட்டுக்கொண்டிருக்க, ஒரு மனிதர் எலிப்பொறி வைத்தார். அதில் எலியும் விழவில்லை. அதற்கு அவர், இது படித்த எலி என்று வாயாடியிடம் சொன்னாராம். அவள் விழுந்து விழுந்து சிரித்தாளாம். அவர் தன்னோடு விளையாடுகிறார், எல்லாம் தெரிந்துதான் விளையாடுகிறார் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

இங்கேதான் அவருடைய தொழில் புத்தி குறுக்கே வந்தது. ஒரு மிஷின் ஒரே கோளாறுக்காக இரண்டாம் தடவை நின்றால், அது தனக்கு அவமானம் என்று நினைக்கிற மனிதர் அவர். நல்ல ஆள் என்றால் அவனை யாரும் கூப்பிடவே கூடாது என்பார். தன் அறைப் போன் அடிக்காத நாள்தான் தான் ஒழுங்காக வேலை பார்த்த நாள் என்பார். இவளுடைய மிஷினோ வாரத்துக்கு இரண்டு தடவை நிற்கிறது. மற்ற யாருடைய மிஷினாக இருந்தாலும் அவருக்கு இவ்வளவு வலித்திருக்காது. இவள் வேலை கெடுகிறதே, இவள் திட்டு வாங்குவாளே என்று துடித்தார். தூங்கினாரோ இல்லையோ, தகரத்தில் ஒரு சின்ன மூடி தானே வெட்டிச் செய்து, ஓரம் கையில் கீறிவிடாதபடி உப்புத்தாள் வைத்துத் தேய்த்து, அவளுக்குப் பிடித்த பச்சை நிறத்தில் வண்ணம் அடித்துக் கொண்டுவந்தார்.

அவள் எதிரிலேயே அதை வயர் செருகும் இடத்தின் மேல் வைத்து, நான்கு மூலையிலும் திருகாணி போட்டு முடுக்கினார். யார் இழுத்தாலும் வராது. எழுந்து, முட்டியில் ஒட்டிய தூசியைத் தட்டிவிட்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டு சொன்னாராம்:

“இனிமே நீங்க என்னைக் கூப்பிட வேண்டியிருக்காது.”

அவளுக்கு அவர் கொடுத்த பரிசு அது. தன்னிடம் இருந்ததிலேயே உசத்தியான ஒன்றைக் கொடுத்துவிட்டு வந்து, கணக்குப் பிரிவுக்கு இனிக் கவலையில்லை என்று என்னிடம் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் ஸ்வெட்டரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

சாயங்காலம் வாயாடி வந்தாள். அழுதிருந்தாள்.

“அவர் பதில் சொல்லிட்டாருக்கா. நாலு ஸ்க்ரூ போட்டு சொல்லிட்டாரு.”

“அவன் ஒரு மடையன்டி! எலின்னு நெனச்சிட்டிருக்கான்!”

“மாசக்கணக்கா ஒரு மனுஷன் எலின்னு நம்புவானா? அவ்வளவு மூளை இருக்கறவரு. சங்கடப்படுத்த வேண்டாம்னு நாசூக்கா முடிச்சிட்டாரு. நல்ல மனுஷன்தான், என்னைத் திட்டக்கூட இல்ல.”

நான் என்ன சொல்லியும் எடுபடவில்லை. மறுநாள் காலையில் கீழ்த்தள அறைக்கே போய் அவரிடம் கத்தினேன். பெண் அழுகிறாள், போய்ப் பேசு என்றேன். அவர் மிஷினையே பார்த்துக்கொண்டிருந்தார். “தியேட்டர் வாசல்ல நின்னேன்ல அக்கா, அன்னைக்கே போதும்” என்றார். அதற்கு மேல் நான் என்ன செய்ய? அவள் வாயையும் இவர் காதையும் நான் இணைத்துவிடலாம். நம்பிக்கையை என் போர்டில் எந்தக் குழியில் செருகுவது?

கணக்குப் பிரிவிலிருந்து அழைப்பு நின்றுபோனது. சில நாள் கழித்து அவர் என்னைக் கூப்பிட்டு, “லைன் சரியா இருக்காக்கா? போன் வேலை செய்யுதா?” என்று கேட்டார். செய்கிறது என்றேன். மறுநாளும் கேட்டார். அந்த வருஷம் முடிவதற்குள் வாயாடிக்குக் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை மருந்துக் கடை வைத்திருந்தார். கண்ணியமான மனிதர். அவள் வேலையை விட்டுவிட்டு வேறு ஊருக்குப் போனாள். அன்றைக்கு ஸ்வெட்டர் சாப்பிடவில்லை. “நம்மள மாதிரி ஆளுங்களை யாருக்குக்கா பிடிக்கும்?” என்று மட்டும் கேட்டார். அவருடைய அக்காவும் அதற்குப் பிறகு தேடுவதை விட்டுவிட்டார். மனிதர் தனியாகவே இருந்துவிட்டார்.

அப்புறம் காலம் குப்புற விழுந்து புரண்டது. கம்ப்யூட்டர் படித்த பையன்களுக்குப் பெண் வீட்டார் வரிசையில் நிற்கத் தொடங்கினார்கள். விற்பனைப் பிரிவு ஆட்களைச் சீண்டுவார் இல்லை. சரி, அது சம்பளத்துக்காக என்று வைத்துக்கொண்டாலும், அதற்கும் பிறகு வந்ததுதான் எனக்கு வேடிக்கை. கூச்சமும் அழகு என்றாகிவிட்டது. சோடாபுட்டிக் கண்ணாடியை, பார்வை நன்றாக இருக்கிறவன்கூட வெறும் கண்ணாடி போட்டு மாட்டிக்கொண்டு அலைந்தான். விளம்பரத்தில் கதாநாயகன் அசடுபோல விழிக்கிறான், பெண் சொக்கிப்போகிறாள். நான் ஓய்வுபெறும்போது என் இடத்துக்கு வந்த வரவேற்புப் பெண் ஒருநாள் ஸ்வெட்டரின் பழைய அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு, “ஐயோ, எவ்வளவு க்யூட்டா இருந்திருக்கீங்க சார்! எனக்கு இந்த மாதிரி ஆளுங்களைத்தான் பிடிக்கும். நீங்க இருபது வருஷம் முந்திப் பொறந்துட்டீங்க” என்றாள்.

அந்த ஒரு வாக்கியத்தை அவர் பிடித்துக்கொண்டார். அலுவலகத்தில் சொன்னார், அக்காவிடம் சொன்னார், எனக்குப் போன் பண்ணிச் சொன்னார். “இருபது வருஷம் முந்திப் பொறந்துட்டேன்க்கா, அவ்வளவுதான் விஷயம்.” அதைச் சொல்லும்போதெல்லாம் நிம்மதியாகச் சிரிப்பார். தன்மேல் குற்றமில்லை, காலத்தின்மேல்தான் குற்றம். மழையில் நனைந்தவன் மழையைத் திட்டிக்கொள்ளலாம் அல்லவா? எனக்கு நாக்கு நுனி வரை வரும். அந்தக் காலத்திலும் உன்னை ஒருத்திக்குப் பிடித்திருந்ததய்யா என்று கத்தத் தோன்றும். ஆனால் அந்த மனிதரிடம் சாய்ந்துகொள்ள அது ஒன்றுதான் இருந்தது. தனி அறை, ஒற்றைக் கட்டில், இந்த ஒரு வாக்கியம். அதை எப்படிப் பிடுங்குவேன்?

அவருடைய பிரிவுபசாரக் கூட்டத்துக்குப் பழைய ஆட்களையெல்லாம் கூப்பிட்டிருந்தார்கள். நான் போயிருந்தேன். வாயாடி வருவாள் என்று நான் நினைக்கவே இல்லை. கணவரோடும் மகளோடும் வந்திருந்தாள். உடம்பு கனத்திருந்தது, வாய் அப்படியே இருந்தது. கேக் வெட்டி முடித்ததும் யாராவது பேசுங்கள் என்றார்கள். அவள்தான் முதலில் எழுந்தாள்.

“எம் பொண்ணு ஒரு கம்ப்யூட்டர் பையனை லவ் பண்றேன்னு வந்து நின்னா. அவன் என்கிட்ட பேசறதுக்கே நடுங்கறான். எனக்கு உடனே பிடிச்சுப்போச்சு. ஏன்னா இதுல நான் அவளுக்கு சீனியர்!” என்றாள். “அந்தக் காலத்துல இதோ இவருக்காக, வாரத்துக்கு ரெண்டு தடவை வயரைப் பிடுங்கி விட்டுட்டு உக்காந்திருப்பேன். இவர் என்ன செஞ்சாரு தெரியுமா? எலிப்பொறி வச்சாரு!”

கூடமே சிரிப்பில் அதிர்ந்தது. அன்று இதைச் சொல்லியிருந்தால் அவள் தலை நிமிர்ந்து நடந்திருக்க முடியாது. இன்று கைதட்டுகிறார்கள். சிறுசுகள் ‘ஸோ ஸ்வீட்’ என்று கத்திக்கொண்டு போனைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். கணவர்தான் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். மகள் ஓடிவந்து, “அங்கிள், ஒரு ஸெல்ஃபி!” என்று ஸ்வெட்டரின் தோளில் கைபோட்டாள். அவரும் சிரித்தார். கையிலிருந்த கேக் தட்டு சாய்ந்து, க்ரீம் சட்டையில் வழிந்துகொண்டிருந்தது. அது அவருக்குத் தெரியவில்லை.

வாயாடி அவரிடம் வந்து, “தப்பா எடுத்துக்காதீங்க, அது எல்லாம் பழைய கதை. நீங்க அன்னைக்கு ரொம்ப நாசூக்கா மறுத்தீங்க. நான் அதை மறக்கவே இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனாள். அவர் சாய்ந்த தட்டைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

மத்தியான வெயிலில் நாங்கள் இரண்டு பேரும் பஸ் நிறுத்தத்துக்கு நடந்தோம். சட்டையில் க்ரீம் காய்ந்திருந்தது. நிறுத்தத்தில் யாரும் இல்லை. அவர் திடீரென்று என் கையைப் பிடித்தார். அத்தனை வருஷப் பழக்கத்தில் அவர் என்னைத் தொட்டதே கிடையாது.

“அவங்க கூட்டத்தை சிரிக்க வைக்கத்தானே அப்படிச் சொன்னாங்க? சொல்லுங்கக்கா. அவங்களுக்கு எப்பவுமே வாய் ஜாஸ்தி. சும்மா ஒரு பேச்சுக்குத்தானே சொன்னாங்க?”

இரண்டு தடவை இந்த மனிதரிடம் உண்மையைச் சொன்னேன். உண்மை உதவக்கூடிய நேரத்தில் சொன்னேன். இப்போது அதை வைத்துக்கொண்டு இவர் என்ன செய்வார்? அந்த ஒற்றைக் கட்டிலுக்கு எடுத்துப் போய் என்ன செய்வார்?

“ஆமா தம்பி,” என்றேன். “சும்மா ஒரு பேச்சுக்குத்தான் சொன்னா. அந்தக் காலத்துல யாரு அப்படியெல்லாம்?”

“நீங்க அப்ப சொன்னது?”

“நானும் சும்மாதான் சொன்னேன்.”

அவர் தலையை ஆட்டினார். இன்னும் பலமாக ஆட்டினார்.

“அதானே பாத்தேன்,” என்றார். “இருபது வருஷம் முந்திப் பொறந்துட்டேன்ல.”

சொல்லிவிட்டு, என் கையை விடாமல், அந்த ரோட்டோரத்தில் குலுங்கிக் குலுங்கி அழுதார்.